சேலம் 1692: சூனியப் பழி சுமந்தவர்கள் உங்கள் கொடிவழியில் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் வாழ்க்கைப்பட்டது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எசெக்ஸ் கவுன்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பத்தில். பேரன் பிறந்த வருஷம், சம்பந்தி அம்மா ஒரு பழைய பைபிளை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் நாலு பக்கம், பிறப்பும் கல்யாணமும் சாவுமாகக் கையால் எழுதியிருந்தது. மை பழுப்பேறி, ஓரம் பொடிந்து, சில பெயர்கள் விரலால் தடவினால் உதிர்ந்துவிடும் போல் இருந்தன. அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மேலே ஏறினோம். 1692-ல் சேலத்தில் தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் வரை போய் நின்றோம்.

விஷயம் பரவிய பிறகு தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் பிரகாரத்திலும் போனிலும் ஒரே மாதிரி கேள்விகள் வருகின்றன. நம் பிள்ளைகள் பலர் இங்கே சம்பந்தம் செய்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் பாதி வேர் இந்த மண்ணில் இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

1. சேலம்னா எந்தச் சேலம்? அங்க என்னதான் நடந்துச்சு?

நம் சேலம் இல்லை. பாஸ்டனுக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் ஊர். அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

1692-ன் தொடக்கத்தில் சேலம் கிராமத்தில் (இன்றைக்கு டான்வர்ஸ் என்று தனி ஊர்) போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகள் வலிப்பு வந்தவர்கள் போல் கத்தித் துடித்தார்கள். சூனியம் என்று முடிவு கட்டினார்கள். பிப்ரவரி 29-ல் மூன்று பெண்கள் மேல் வாரன்ட். பாரிஸ் வீட்டு அடிமை டிட்யூபா, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்பர்ன். மூவருமே எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாதவர்கள். அங்கே பிடித்த தீ அடுத்த ஆண்டு மே மாதம்தான் முழுக்க அணைந்தது. அதற்குள் 150 பேருக்கு மேல் பழி சுமந்தார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்; 14 பெண்கள், 5 ஆண்கள். எண்பது வயது கடந்த கைல்ஸ் கோரி விசாரணைக்கு உட்பட மாட்டேன் என்று நின்றதால், அவர் மேல் கல்லுக்கு மேல் கல்லாக ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையிலேயே இறந்தார்கள்.

2. அவங்களை எரிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

இல்லை. யாரையும் எரிக்கவில்லை. மாசசூசெட்ஸ் அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம்; ஆங்கிலச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்த கதைகள் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலிருந்து வந்து இதோடு ஒட்டிக்கொண்டவை.

3. எங்க மருமகள் "நான் சூனியக்காரி வம்சம்"னு பெருமையா சொல்றா. கேட்டா எனக்குப் பக்குனு இருக்கு. இது நல்லதா கெட்டதா?

பயப்பட ஒன்றும் இல்லை அம்மா. ஆனால் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் யாரும் சூனியம் வைத்தவர்கள் இல்லை. சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தப்பட்டவர்கள். நம் ஊரில் பில்லி, ஏவல், செய்வினை என்று ஒரு பெண் மேல் கை நீட்டினால் அவள் குடும்பம் என்ன பாடு படும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதே பாடுதான் இது.

இன்னொன்றும் மருமகளிடம் சொல்லுங்கள். "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டு அந்த வாக்குமூலத்திலேயே நின்ற ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. ஆண்டோவர் ஊர்க்காரர் சாமுவேல் வார்டுவெல் முதலில் ஒப்புக்கொண்டார், பிறகு அது பொய் என்று திரும்பப் பெற்றார், அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கில் தொங்கியவர்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். 71 வயது ரெபெக்கா நர்ஸ், எட்டுப் பிள்ளை பெற்றவர், அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. என் பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

4. எங்க ஆரம்பிக்கிறது? 1692 லிஸ்ட்டை எடுத்து அங்கிருந்து கீழ இறங்கி வரலாமா?

வேண்டாம். எல்லாரும் செய்யும் முதல் தப்பு இதுதான். உங்கள் பேரனிலிருந்து தொடங்குங்கள். அவன் அப்பா, அப்பாவின் அம்மா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும். "இந்தப் பிள்ளை இந்தப் பெற்றோருக்குப் பிறந்தது" என்று சொல்லும் காகிதம். அது இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்காதீர்கள்.

1692 வரை சுமார் பத்து, பன்னிரண்டு தலைமுறை. கொள்ளுப்பாட்டி, எள்ளுப்பாட்டி என்று நமக்குப் பெயர் இருப்பது நாலைந்து படி வரைக்கும்தான். அதற்கு மேலே எண் போட்டுத்தான் எழுத வேண்டும். சம்பந்தி வீட்டில் மூத்தவர்கள் உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். பைபிள், கல்யாணப் பத்திரிகை, இறப்புச் செய்தி வெட்டிவைத்த பேப்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5. எங்க மாப்பிள்ளை வீட்டுப் பேர் பிஷப். பிரிட்ஜெட் பிஷப்பைத்தானே முதல்ல தூக்குல போட்டாங்க? அப்ப வாரிசுதானே?

இல்லை. குடும்பப் பெயர் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1692 ஜூன் 10-ல் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட், மூன்று முறை மணந்தவர். முதல் கணவர் வாசல்பி, இரண்டாமவர் தாமஸ் ஆலிவர், மூன்றாமவர்தான் எட்வர்ட் பிஷப். தழைத்த ஒரே பிள்ளை ஆலிவருக்குப் பிறந்த மகள் கிறிஸ்டியன். அவள் மேசன் என்பவரை மணந்தாள். ஆக பிரிட்ஜெட்டின் ரத்த வாரிசு எவரும் பிஷப் என்ற பெயரை அவரிடமிருந்து பெற்றிருக்க முடியாது.

பெயரை எழுதும் விதமும் நிலையாக இருக்காது. நர்ஸ், நோர்ஸ், ஈஸ்டி, எஸ்டி, ஒரே காகிதத்தில் ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் பலரும் இருப்பார்கள். நான் மேரி பார்க்கர் என்ற பெயரைப் பார்த்ததும், தூக்கிலிடப்பட்ட ஆண்டோவர் மேரி பார்க்கர்தான் என்று நம்பி மூன்று மாதம் அந்தக் கிளையைக் கட்டினேன். எசெக்ஸ் கவுன்டியில் அதே காலத்தில் அந்தப் பெயரில் பல பெண்கள். என் ஆள் வேறு ஊர். கணவர் பெயரையும் ஊரையும் முதல் நாளே ஒப்பிட்டிருந்தால் மூன்று மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

6. 1850 வரைக்கும் ஈஸியா போச்சு. அதுக்கு மேல சுவர் மாதிரி நிக்குதே?

நிற்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது. ஆனால் 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் "இந்த வயதில் ஆண் இத்தனை, பெண் இத்தனை" என்ற வெறும் எண்ணிக்கை. அதனால்தான் அந்த இடத்தில் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள்.

மாசசூசெட்ஸ் குடும்பம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பல ஊர்களில் 1850 வரையிலான பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை ஊர்வாரியாகத் தொகுத்து, பெயர்களை அகரவரிசையில் அச்சிட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் கவுன்டி ஆவணங்களின் படங்கள் இருக்கின்றன. கணக்கு தொடங்கக் காசு வேண்டாம். பாஸ்டனில் 1845-ல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் நூலகத்துக்கு ஒரு நாள் நேரில் போய் வந்தால் நல்லது.

பிறப்புப் பதிவு இல்லையா, சொத்துப் பக்கம் திரும்புங்கள். உயிலில் "இன்னாரை மணந்த என் மகள்" என்று எழுதியிருப்பார்கள். கைல்ஸ் கோரி 1692-ல் சிறையில் இருந்தபடியே தன் நிலத்தை இரண்டு மருமகன்களுக்கு எழுதிவைத்தார். அந்த ஒரு பத்திரம் போதும், எந்த மகள் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லிவிடும்.

7. கோர்ட் பேப்பர் எல்லாம் நாமளே படிக்க முடியுமா? அதுல குடும்ப விவரம் இருக்குமா?

படிக்கலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் வாரன்ட், முதல் விசாரணை, சாட்சி வாக்குமூலம், மனு எல்லாம் எழுத்துப் பெயர்ப்போடு இருக்கின்றன. தூக்குத் தண்டனை விதித்த சிறப்பு நீதிமன்றத்தின் பதிவேடு மட்டும் தொலைந்துபோயிற்று. அதனால் "தீர்ப்பு நகல் எங்கே" என்று தேடி அலைய வேண்டாம்.

கொடிவழி தேடுகிறவர்களுக்கு உண்மையான புதையல் 1692 காகிதங்கள் இல்லை. அவற்றுக்கு 18 ஆண்டு கழித்து வந்தவை. 1710-ல் குடும்பங்கள் இழப்பீடு கேட்டு மனுப் போட்டன. யார் யாருடைய மகன், எத்தனை பிள்ளைகள், சிறைக்கு எவ்வளவு செலவானது, எந்தப் பொருளை ஷெரிஃப் எடுத்துப் போனார் என்று குடும்பத்தாரே சொல்கிறார்கள். அந்தக் காலச் சிறையில் சாப்பாட்டுக்கும் காலில் மாட்டும் விலங்குக்கும் கைதிதான் காசு கட்ட வேண்டும். விடுதலை ஆனாலும் கட்டிவிட்டுத்தான் வெளியே வரலாம். 1711-ல் அரசு 578 பவுண்டு 12 ஷில்லிங் ஒதுக்கிப் பிரித்துக் கொடுத்தது. ஜான் ப்ராக்டர் குடும்பத்துக்கு 150, போதகர் ஜார்ஜ் பரோஸ் பிள்ளைகளுக்கு 50, ரெபெக்கா நர்ஸ் குடும்பத்துக்கு 25.

அந்த மனுக்களில் ஒன்றைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு மேலே தேடவில்லை. சாரா குட்டின் கணவர் வில்லியம் எழுதியது. நாலைந்து வயது மகள் டாரதியையும் பிடித்துப் போய் ஏழெட்டு மாதம் விலங்கு மாட்டி இருட்டறையில் வைத்திருந்தார்கள் என்கிறார். கைக்குழந்தை தாயின் தூக்குக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டது. டாரதிக்கு அதற்குப் பிறகு புத்தி தெளியவே இல்லை. வாரன்டில் அந்தக் குழந்தையின் பெயரைக்கூட டார்கஸ் என்று தப்பாக எழுதியிருக்கிறார்கள். பல இடங்களில் இன்றுவரை அந்தத் தப்புப் பெயர்தான் ஓடுகிறது.

8. ஒரு இடத்துல 1691-ங்கிறாங்க, இன்னொண்ணுல 1692-ங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 1752 வரை ஆங்கிலேயர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால்வாசி எல்லாம் பழைய வருஷக் கணக்கில் போகும். அதனால் முதல் வாரன்டில் 1691/92 என்பது போல் இரட்டை ஆண்டு இருக்கும். உங்கள் குறிப்பிலும் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இல்லாவிட்டால் தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்த கணக்காகிவிடும்.

இதோடு சேர்த்து உறவுச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ஜூனியர், சீனியர் என்றால் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர், சொந்தமே இல்லாவிட்டாலும். பெண்களுக்கும் போடுவார்கள். பெயருக்கு முன்னால் வரும் "குடி" (Goody) என்பது பெயர் இல்லை, குடும்பப் பெண்ணைக் கூப்பிடும் அடைமொழி. பரோஸின் பிள்ளைகள் "மதர்-இன்-லா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்" என்று முறையிடுகிறார்கள். அங்கே மாமியார் என்று படித்தால் ஒரு கல்யாணத்தையே இல்லாத இடத்தில் கற்பித்துவிடுவீர்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல் மாற்றாந்தாயையும் குறித்தது. பரோஸின் கடைசி மனைவியைத்தான் சொல்கிறார்கள்.

9. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடாதா?

தெரியாது. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து நம் உடம்பில் ஒரு துண்டும் மிஞ்சியிருக்காது. ரெபெக்கா நர்ஸின் நேர் வாரிசாக இருந்தும் அவருடைய டிஎன்ஏ துளியும் இல்லாமல் இருக்கலாம். தவிர, "சூனியப் பழி" என்று ஒரு மரபணு கிடையாது; அந்தச் சோதனை உறவைக் காட்டும், பெயரைக் காட்டாது.

ஒரு வழியில் உதவும். தாயிடமிருந்து மகளுக்கு, அவள் மகளுக்கு என்று இறங்கும் தாய்வழி டிஎன்ஏ பல நூறு ஆண்டுகளுக்கும் கிட்டத்தட்ட அப்படியே வரும். நடுவில் ஒரு ஆண்கூட வராத நேர்ப் பெண்வழி உங்களுக்கு இருந்தால், அதே பாட்டியிலிருந்து இன்னொரு மகள் வழியில் வந்தவரோடு ஒப்பிடலாம். அப்போதும் கேள்வி 4-ல் சொன்ன காகிதங்கள் வேண்டும்.

10. தூக்குல போட்டவங்களோட தங்கச்சி வழி வந்தா அதுவும் வாரிசுதானா?

உறவு உண்டு, வாரிசு என்று சொல்லக்கூடாது. ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா க்ளாய்ஸ் மூவரும் டவுன் என்ற குடும்பத்தில் உடன்பிறந்த சகோதரிகள். இங்கிலாந்தின் கிரேட் யார்மத்திலிருந்து வந்து டாப்ஸ்ஃபீல்டில் குடியேறிய குடும்பம். மூவர் மேலும் பழி விழுந்தது. இருவரைத் தூக்கிலிட்டார்கள், சாரா தப்பினார். அவர்களுடைய அண்ணன் தம்பி வழியில் வந்தவர்களுக்கு அவர்கள் அத்தைப் பாட்டி முறை. நமக்கு இந்த வித்தியாசம் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் குழம்புகிறது. உங்கள் மரத்தில் தெளிவாக எழுதி வையுங்கள்.

11. வாரிசுகளுக்குன்னு சங்கம் இருக்காமே?

இருக்கிறது. ஆதி அமெரிக்கச் சூனியப் பழி சுமந்தவர்களின் மகள்கள் சங்கம் என்று சொல்லலாம். 1987-ல் தொடங்கியது, பெண்களுக்கு மட்டும். 1699 முடிவதற்குள் அமெரிக்கக் குடியேற்றங்களில் பழி சுமந்த ஒருவரின் நேர் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். பழி சுமந்திருந்தால் போதும், தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றில்லை. இணையத்தில் யாரோ கட்டிய மரத்தின் அச்சு நகலை நம்பிப் போகாதீர்கள். தலைமுறைக்கு ஒரு ஆவணம் வேண்டும்.

12. எங்க ஆளு சேலத்துக்காரர் இல்ல, கனெக்டிகட்டுக்காரர். அவரை விட்டுடறதா?

விடாதீர்கள். சேலத்துக்கு 45 ஆண்டு முன்பே, 1647-ல், ஹார்ட்ஃபர்டில் ஆல்ஸ் யங் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் பதிவான முதல் சூனியத் தூக்கு அதுதான். கனெக்டிகட்டில் மொத்தம் 11 பேர் அப்படி இறந்தார்கள். 2023-ல் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அவர்களின் பழியைத் துடைத்தது. பல ஆண்டு அதற்காக அலைந்தவர்களில் வாரிசுகளும் உண்டு. வர்ஜீனியாவில் 1706-ல் கையைக் காலோடு கட்டி ஆற்றில் போட்டுச் சோதிக்கப்பட்ட கிரேஸ் ஷெர்வுட்டுக்கு 2006-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

13. தேடிப் போனா எங்க ஆள் சாட்சி சொன்ன பக்கத்துல நிக்கிறார். இதை வெளியில சொல்றதா வேண்டாமா?

சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். என் பேரனின் மரத்திலும் இரண்டு பக்கமும் இருக்கிறது. சின்ன ஊர்கள், பழி சொன்ன வீடும் பழி சுமந்த வீடும் இரண்டு தலைமுறைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கின்றன.

அந்தப் பக்கத்தில் இருந்தவர்களிலும் சிலர் தலைகுனிந்தார்கள். நீதிபதி சாமுவேல் சூவல் 1697-ல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பை எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். ஜூரிகள் 12 பேரும் தாங்கள் தவறியதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். சிறுமியாக இருந்து பலர் மேல் பழி சொன்ன ஆன் பட்னம், 1706-ல் மன்னிப்புக் கேட்டார். அவர் மணம் செய்யாமலே இறந்ததால், "ஆன் பட்னத்தின் நேர் வாரிசு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

14. டிட்யூபா வழியில வந்தோம்னு ஒருத்தர் சொல்றாரு. நம்பலாமா?

ஆவணம் கேளுங்கள். டிட்யூபாவை ஆவணங்கள் "இந்தியன்" என்கின்றன. அது அமெரிக்கப் பழங்குடியைக் குறிக்கும் சொல், நம் நாட்டை இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். கேள்வி 7-ல் சொன்ன சிறைக் காசை பாரிஸ் கட்ட மறுத்தார். வேறொருவர் கட்டி அழைத்துப் போனார். அத்தோடு அவர் பெயர் ஆவணங்களில் முடிகிறது. அடிமையாக இருந்தவருக்கு உயிலோ நிலப் பத்திரமோ மனுவோ கிடையாது. ரெபெக்கா நர்ஸுக்காக மனுப் போட மகன் இருந்தார், கற்றூண் நிறுத்த 1885-ல் வாரிசுகள் இருந்தார்கள். டிட்யூபாவுக்கு ஒருவரும் எழுதவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

15. இதுல மெட்ராஸ் தொடர்பு ஏதோ இருக்காமே, உண்மையா?

உண்மை. எனக்கே தெரிந்தபோது ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். 1692 அக்டோபரில் எலிஹு யேலுக்குப் பிறகு புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரும் ஆனார். அவருடைய அப்பா ஜான் ஹிக்கின்சன் சேலம் நகரத் தேவாலயத்தின் மூத்த போதகர். அதே 1692-ன் ஜூன் மாதத்தில், சூனியக்காரி என்று நத்தானியேலின் சகோதரி ஆன் டாலிவர் மேல் வாரன்ட் பிறந்தது. கணவர் கைவிட்டு, அப்பா வீட்டில் இருந்தவர் அவர். உயிர் தப்பினார்.

கடிதம் கப்பலில் வர மாதக்கணக்கு ஆகும் காலம். கூடப்பிறந்தவள் கூண்டில் நின்ற செய்தி தெரியாமலேயே நத்தானியேல் நம் கடற்கரையில் பதவி ஏற்றிருக்கலாம். சென்னையிலிருந்து உறவினர்கள் வரும்போது சேலம் அருங்காட்சியகங்களைவிட இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

16. வாரிசே இல்லாம போனவங்களுக்கு யாரு பேசுறது?

சேலம் நினைவிடத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1992-ல் கட்டியது. கருங்கல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 20 கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த நாள், இறந்த விதம். நுழையும் இடத்தில் தரைக்கல்லில் "நான் குற்றமற்றவள்" என்பது போன்ற அவர்களுடைய சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் முடியும் முன்பே சுவர் வந்து மறைத்துவிடும். வாரிசுகள் வைத்த பூ சில கல்லில் குவிந்திருக்கும், சில கல் வெறுமையாக இருக்கும்.

ஆண்டோவரின் எலிசபெத் ஜான்சன் ஜூனியருக்கு அங்கே கல்கூட இல்லை. 22 வயதில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநர் நிறுத்திவைத்ததால் உயிர் பிழைத்தவர். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. 1711-ல் மற்றவர்களின் தண்டனையை நீக்கியபோது இவர் பெயர் விட்டுப்போயிற்று. 1712-ல் அவரே மனுப் போட்டார், நடக்கவில்லை. 1747-ல் இறந்தார். 1957-லும் 2001-லும் மாநிலம் மற்றவர்களுக்குச் சட்டம் போட்டபோதும் இவர் பெயர் வரவில்லை. கடைசியில் நார்த் ஆண்டோவர் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையோடு சேர்ந்து ஆவணங்களைத் தேடி, சட்ட முன்வரைவு எழுதி, மாநில உறுப்பினர்களுக்கு விடாமல் கடிதம் போட்டார்கள். 2022-ல் அவர் பெயர் விடுவிக்கப்பட்டது.

அவருடைய 1712 மனு கேள்வி 7-ல் சொன்ன தொகுப்பிலேயே இருக்கிறது. சின்ன மனுதான். போன கோடையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். "அந்தப் பாட்டிக்கு யார் பதில் எழுதினாங்க?" என்று கேட்டான். எட்டாம் வகுப்பு அக்காக்களும் அண்ணன்களும் என்று சொன்னேன்.